எங்கள் பட்டறைக்கு அடித்த பச்சை

எங்கள் பட்டறைக்குப் பச்சை அடித்திருந்தார்கள்.

புது நகரத்திட்ட வரைபடத்தை நகராட்சி அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் மாட்டியிருக்கிறோம், பொதுமக்கள் அறுபது நாளைக்குள் பார்த்து ஆட்சேபணை சொல்லலாம் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். பொதுமக்கள் என்றால் அதில் நானும் சேர்த்திதானே என்று போனேன். நடைபாதைச் சுவர் முழுக்க ஊரை விரித்து வைத்திருந்தார்கள். அடுத்த இருபது வருஷத்துக்கு எந்த நிலத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதெல்லாம் அதில் நிறமாக இருந்தது. வீடுகள் மஞ்சள், கடைகள் நீலம், தொழில் ஊதா, பூங்காவும் திறந்தவெளியும் பச்சை. துறைமுக வாய்க்காலின் வளைவைக் கண்டுபிடித்து, கரையோரமாகவே விரலை ஓட்டிக்கொண்டு வந்தேன். மீன் ஏலக்கூடம் நீலம். ஐஸ் கம்பெனி ஊதா. அடுத்தது நாற்பத்தோரு வருஷமாகப் படகு ஏற்றி இறக்கும் எங்கள் இடம். பச்சை. அதற்குள் பொடி எழுத்தில், "தற்போதைய பயன்பாடு: காலி நிலம். உத்தேசம்: கரையோரப் பூங்கா" என்று எழுதியிருந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். எழுத்து மாறவில்லை.

வரைபடத்துக்குக் கீழே மேஜை போட்டு ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். "ஆட்சேபணையாம்மா? படிவம் அந்தத் தட்டுல இருக்கு" என்றார்.

"காலி நிலம்னு யாரு சொன்னது?"

"மேலேருந்து போட்டோ எடுத்துப் பாத்திருக்காங்கம்மா."

"மேலேருந்து பாத்தா உங்க தலையும் காலியாத்தான் தெரியும். அதுக்காக அங்க பூங்கா வச்சிடுவீங்களா?"

அவர் தலையைத் தடவிக்கொண்டார். பாவம், அவர் மேல் எனக்கு ஒன்றும் கோபமில்லை. எனக்குக் கோபம் வந்தால் எதிரே யார் இருக்கிறார்களோ அவர்களுக்குக் கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவுதான்.

எங்கள் தொழிலைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மீன்பிடிப் படகுகளைக் கரைக்கு இழுத்து, அடிப்பலகை மாற்றி, ஓட்டை அடைத்து, பெயின்ட் அடித்து மறுபடி தண்ணீரில் விடுகிறோம். கரையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் தண்டவாளம் உண்டு. அதில் ஓடும் வண்டியில் படகை உட்காரவைத்து கம்பி சுற்றும் வின்ச் யந்திரத்தால் இழுப்போம். ஆனால் நினைத்த நாளில் இழுக்க முடியாது. கடல் நன்றாக ஏறி, வாய்க்காலில் தண்ணீர் நிறைந்தால்தான் படகின் அடி தட்டாமல் வண்டிமேல் வந்து உட்காரும். மாதத்தில் இரண்டு தடவை, முழுநிலாவை ஒட்டியும் நிலவே இல்லாத நாளை ஒட்டியும், அப்படிப் பெரிய ஏற்றம் வரும். எங்கள் பக்கத்தில் அது எப்போதும் உச்சிவேளையில்தான். அன்றைக்கு வேலை முடிந்த நான்கு படகுகளையும் இறக்கிவிட்டு, காத்திருக்கும் நான்கை ஏற்றுவோம். நடுவில் முக்கால் மணி நேரம் பட்டறை வெறிச்சென்று கிடக்கும். ஆட்கள் பதினோரு பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பார்கள். பதினைந்து நாளில் எங்களுக்கு மூச்சு விட நேரமில்லாத நேரம் அதுதான். மேலேயிருந்து படம் எடுக்கிறவர்களுக்கும் உச்சிவேளைதான் பிடிக்குமாம், நிழல் விழாதாம். அவர்கள் வந்ததும் அப்படி ஒரு நாளில்.

போட்டோவை விடுங்கள், அது ஒரு யந்திரம். எனக்கு வயிறு எரிந்தது வேறு காரணத்துக்காக. வரைபடப் பிரிவு அதே நடைபாதையின் கடைசிக் கதவு. அங்கே என் தம்பி வேலை பார்க்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமைகூட என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, கை துடைத்துக்கொண்டு, "வரேங்க்கா" என்று போனவன். வரைபடத்தைப் பற்றி மூச்சுகூட விடவில்லை. கதவைத் தள்ளினேன். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். சக ஊழியர்கள் பார்க்கிறார்கள் என்று மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனான். முப்பத்தெட்டு வயசு ஆள், படியில் எனக்குக் கீழே இரண்டு படி தள்ளி நின்றான். சின்ன வயசில் அடி வாங்கப் போகிற நேரத்தில் அப்படித்தான் நிற்பான்.

"உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"அச்சடிச்சு வந்த அப்புறம்தான் பாத்தேன்."

"அப்புறம்னா எப்போ?"

"மூணு வாரம் ஆச்சு."

மூன்று வாரம். மூன்று ஞாயிறு என் கையால் சாப்பிட்டிருக்கிறான்.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னான். போட்டோவைப் பார்த்து எது வீடு, எது கடை, எது காலி நிலம் என்று குறித்தது வெளியூர் கம்பெனி. எங்கள் தண்டவாளத்தை மழைநீர்க் கால்வாய் என்று போட்டிருந்தார்களாம். அப்படிக் குறித்ததைச் சரிபார்க்கத்தான் வரைபடப் பிரிவு ஆட்களை அனுப்பினார்கள். ஒவ்வொரு தாளையும் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து, நேரில் பார்த்து, 'சரி' என்று கையெழுத்துப் போட வேண்டும். மூன்று பேருக்குப் பதினான்கு வார்டு, ஒன்பதே நாள். தன் பங்குக்கு வந்த தெருக்களையெல்லாம் இவன் நடந்திருக்கிறான். கால் வீங்கி வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கே ஞாபகம் இருக்கிறது.

"ஒரே ஒரு தாளுக்கு மட்டும் போகலக்கா. நம்ம பட்டறை இருக்கிற தாளு. எனக்குத் தெரியாத இடமா அது? அங்கதானே வளந்தேன். அங்க என்ன இருக்குன்னு நான் போய்ப் பாக்கணுமான்னு நெனச்சேன். உக்காந்த எடத்துலயே கையெழுத்து போட்டேன். அதுல என்ன எழுதியிருக்குன்னுகூடப் படிக்கல."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. முன்பின் தெரியாத எவனாவது வந்திருந்தால்கூட நின்று பார்த்திருப்பான், நாலு கேள்வி கேட்டிருப்பான். எங்கள் இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடுக்க எங்கள் ஆளால்தான் முடியும். சிரித்து முடித்ததும் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நான் ஆட்சேபணை கொடுக்கப் போறேன்."

"குடுக்கா. கண்டிப்பா குடு." அவன் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். "கள அறிக்கை தப்புன்னு ஆச்சுன்னா, கையெழுத்து போட்டது யாருன்னு கேப்பாங்க. பொய் அறிக்கைக்கு முதல்ல சஸ்பென்ஷன்தான்."

படிவத்தில் அவன் பெயரை நான் எழுதவில்லை. 'காலி நிலம் என்பது தவறு, நேரில் வந்து பார்க்கவும்' என்று மட்டும் எழுதினேன். அதற்குமேல் எழுத இடமும் இல்லை, நாலு வரிதான் விட்டிருந்தார்கள்.

பத்து நாள் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு ஆளுக்கு மூன்று நிமிஷம். திட்ட இயக்குநர் குரலை உயர்த்தாத மனிதர். கத்துகிற அதிகாரியை நான் சமாளித்துவிடுவேன், நானும் கத்துவேன். இப்படி மிருதுவாகப் பேசுகிறவர்களிடம்தான் எனக்குப் பயம்.

"உங்க நிலைமை புரியுதும்மா. ஒரு வழி இருக்கு. வரைபடம் அப்படியே இருக்கட்டும். உங்க ஆயுள் வரைக்கும் நீங்க தொழில் நடத்திக்கலாம்னு தனியா அனுமதி தரோம். வேற யாருக்கும் மாத்திக் கொடுக்க முடியாது, புதுசா கட்டடம் எழுப்ப முடியாது. மத்தபடி யாரும் உங்கள ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"முதல்ல வந்து பாருங்க சார். பாத்துட்டு இதையே சொல்லுங்க."

அவர் நாள்காட்டியைப் புரட்டினார். அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமையைக் குறித்தார், பன்னிரண்டு மணி. நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். முழுநிலாவுக்கு மறுநாள். படகு இறக்கும் நாள், இறக்கும் நேரம். வேறு நாள் கேட்க வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே தம்பியின் போன் வந்தது. "அக்கா, அன்னிக்கு மட்டும் படக எறக்காத. நாலும் மேலேயே நிக்கட்டும். அவங்க வந்து பாத்துட்டுப் போகட்டும்."

"படகுக்காரங்களுக்கு என்ன சொல்லட்டும்? இன்னும் பதினஞ்சு நாள் கரையில கெடங்கன்னா?"

"ஒரு தடவைதானே."

"நான் பட்டறை நடத்துறேன்டா. பட்டறை மாதிரி நடிக்கல."

போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு நானும் தூங்கிவிடவில்லை, உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வீம்பு பிடிக்கிறேனோ என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துத் தம்பி மனைவி பட்டறைக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சுற்றி வளைக்காமல் பேசுவாள், அதனால் எனக்கு அவளைப் பிடிக்கும். பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டேன், புடவையில் கறை படாமல் பார்த்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

"அண்ணி, அந்த ஆயுள் அனுமதிய வாங்கிக்கோங்க. உங்களுக்குப் பட்டறை நிக்கும். அவருக்கு வேலை நிக்கும். ரெண்டு பேருக்கும் நஷ்டம் இல்ல."

"எனக்கப்புறம்?"

"உங்களுக்கப்புறம் யாரு அண்ணி இருக்கா? உங்களுக்குப் பிள்ளையும் இல்ல."

அது கொஞ்சம் குத்தியது. அவள் குத்துவதற்காகச் சொல்லவில்லை, கணக்கில் மீதி இல்லை என்பதுபோலத்தான் சொன்னாள்.

"எனக்குப் பிள்ளை இல்லம்மா. இந்த வாய்க்கால்ல நூத்தி இருவது படகு இருக்கு. அதுக்கெல்லாம் அடி ஓட்டை விழாம இருக்கப் போகுதா? இதை விட்டா அடுத்த தண்டவாளம் ஒரு நாள் ஓட்டம். ஓட்டை விழுந்த படகு ஒரு நாள் ஓடுமா? அந்த அனுமதிய நான் வாங்கினா, என்னைக்கு நான் சாவேன்னு பூங்காக்காரங்க ஒரு பக்கம் காத்திருப்பாங்க, சாகக் கூடாதுன்னு படகுக்காரங்க ஒரு பக்கம் காத்திருப்பாங்க. எனக்கு ஜலதோஷம் பிடிச்சாக்கூட ஊரே பதறணுமா?"

அவள் சிரிக்கவில்லை. "அவர காட்டிக் கொடுக்கப் போறீங்களா?" என்றாள்.

"அவன் பேரு என் வாய்லருந்து வராது. ஆனா நிலம் காலின்னும் என் வாய்லருந்து வராது."

எழுந்து, புடவையில் ஒட்டிய மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு போனாள். போகிறபோது திரும்பிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை வந்தது. பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது இரண்டு கார்கள் வாசலில் நின்றன. இயக்குநர், கூட மூன்று அதிகாரிகள், கடைசியாகச் சுருட்டிய வரைபடத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு என் தம்பி. வாய்க்கால் தளும்ப நிறைந்து நின்றது. இயக்குநர் நேராக வந்து தண்டவாளத்துக்கு நடுவில் நின்றார்.

எங்கள் வின்ச்சுக்காரர் யாருக்கும் பயப்படாதவர், காதும் அவ்வளவாகக் கேட்காது. "ஐயா, கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க. படகு உங்ககிட்ட அனுமதி கேட்டுட்டு வராது" என்றார். நான்கு அதிகாரிகளும் துள்ளி ஒதுங்கினார்கள்.

முதல் படகு இறங்கியது. கம்பி முறுக்கேறிக் கிறீச்சிட, ஆட்கள் இரண்டு பக்கமும் கட்டையைத் தட்டித் தட்டி விட, வண்டி மெல்ல உருண்டு, படகின் பின்பக்கம் தண்ணீரைத் தொட்டு, பிறகு தானாகவே மிதந்தது. வண்டியை மேலே இழுத்து அடுத்ததை ஏற்றினோம். பேச யாருக்கும் நேரமில்லை. நானும் முழங்காலுக்குமேல் நனைந்துகொண்டு கத்திக்கொண்டிருந்தேன். இயக்குநர் குடைக்கடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்று சொல்ல வேண்டும், அந்த மனிதர் ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

நான்காவது படகும் போனது. பட்டறை காலி. மரத்தூளும் பெயின்ட் கறையும் நாலு வரிசை முட்டுக்கட்டையும் மட்டும் கிடந்தன. ஆட்கள் எல்லாரும் தண்ணீரில், காத்திருந்த படகுகளின் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் புடவையைப் பிழிந்துகொண்டு மேலே வந்தேன்.

"சார், மேலேருந்து எடுத்த அந்தப் போட்டோவ ஃபைல்லருந்து எடுங்க."

எடுத்தார். போட்டோவைப் பார்த்தார், இடத்தைப் பார்த்தார். மூலையில் கிடந்த துருப்பிடித்த பீப்பாய்கூட அதில் இருந்தது.

"அப்படியே இருக்கு" என்றார்.

"தேதியும் இருக்குமே. அன்னிக்கு நிலா எப்படி இருந்துச்சுன்னு பாத்துக்கோங்க. இன்னும் அரை மணி நேரம் இங்கயே நில்லுங்க, இந்த இடம் நெறைஞ்சிடும்."

அவர் நின்றார். அடுத்த நான்கில் முதல் படகு சொட்டச் சொட்ட மேலேறி வந்து அவருடைய குடை உயரத்துக்கு எழுந்து நின்றது. பாசியும் சிப்பியும் ஒட்டிய அதன் அடிவயிற்றை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"போட்டோ விஷயம் எனக்குப் புரிஞ்சிடுச்சும்மா. ஆனா கள அறிக்கைன்னு ஒண்ணு இருக்கு. எங்க ஆளு நேர்ல வந்து பாத்து காலி நிலம்தான்னு கையெழுத்து போட்டிருக்காரு. அத மீறி நான் எதையும் மாத்த முடியாது." குரலை இன்னும் தாழ்த்தினார். "யாரு கையெழுத்துன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனாலதான் சொல்றேன். ஆயுள் அனுமதிய வாங்கிக்கோங்க. யாருக்கும் சேதம் வராது."

நல்ல மனசோடுதான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த நல்ல மனசுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

"எனக்குச் சலுகை வேணாம் சார். நான் உங்ககிட்ட என் ஆயுளப் பத்திப் பேச வரல. இந்த நிலத்தப் பத்தி நீங்க எழுதினது பொய். அத அடிச்சிட்டு உண்மைய எழுதுங்க. அதுக்கப்புறம் இங்க பூங்காதான் வேணும்னா, 'பதினோரு பேர் வேலை செய்யிற பட்டறைய எடுத்துட்டுப் பூங்கா வைக்கிறோம்'னு தைரியமா எழுதுங்க. அத எழுதிட்டு வாங்க, அன்னிக்கு நாம சண்டை போடுவோம்."

"பொய்னு யாரு சொல்றது? அறிக்கை தப்புங்கிறதுக்கு யாரு சாட்சி?"

"நான் சொல்றேன் சார்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

தம்பி வரைபடத்தை அக்குளிலிருந்து எடுத்து ஒரு முட்டுக்கட்டைமேல் வைத்தான்.

"அந்தத் தாள்ல இருக்கிறது என் கையெழுத்து. நான் இங்க வரல. பாக்காம போட்டேன்."

நான் அவனுக்கு அக்கா. 'சும்மா இருடா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அவனைவிட இந்தத் தண்டவாளம் எனக்கு ஒசத்தியா என்று கேட்டால் இன்றைக்கும் பதில் தெரியாது. ஆனால் அந்த நிமிஷத்தில் அவன் வாயை அடைப்பது அவனுக்குச் செய்கிற நல்லதாக எனக்குத் தோன்றவில்லை.

இயக்குநர் அவனையே பார்த்தார். "இத எழுத்துல கொடுத்தா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார். பேனா இருந்தா கொடுங்க."

கார் பானட்டின்மேல் தாளை வைத்து எழுதினான். எழுத்து எப்போதும்போல அச்சடித்த மாதிரி இருந்தது. இயக்குநர் அதை இரண்டு தடவை படித்து மடித்துப் பையில் போட்டார். பிறகு எங்கள் இடத்துத் தாளை வாங்கி, 'காலி நிலம்' என்பதை அடித்துவிட்டு, 'இயங்கும் படகுப் பட்டறை, தொழில் பகுதியாகத் திருத்துக' என்று எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட்டார். அன்று மாலை ஐந்து மணிக்குத் தம்பிக்கு சஸ்பென்ஷன் உத்தரவு வந்தது. இரண்டுக்கும் ஒரே கையெழுத்து.

மறுநாள் காலையில் அவன் வீட்டுக்குப் போனேன். தம்பி மனைவி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவன் தரையில் வரைபடப் பிரதிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பட்டறைக்கு வந்திடுடா" என்றேன். "இந்த வேலை எதுக்கு உனக்கு? ஆளு ஒருத்தன் கொறையுது எனக்கு."

"நான் அந்த நாற்காலிக்குத்தான் திரும்பிப் போவேன்."

"உன்ன எழுப்பி விட்ட நாற்காலிக்கா?"

"நான் ஒரு தாளுக்குத்தான் பாக்காம போட்டேன். மத்த ரெண்டு பேரும் வார்டு வார்டா போட்டிருக்காங்கக்கா. ஒம்பது நாள்ல என் பங்க நடந்து முடிக்கிறதுக்குள்ள என் கால் வீங்கிப் போச்சு, நீயே பாத்த. அவங்க கால் ஒரு நாள்கூட வீங்கல." ஒரு தாளைத் தூக்கிக் காட்டினான். "ஆட்சேபணைக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கு. சஸ்பென்ஷன்ல நடக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதல."

அன்றிலிருந்து நடக்கிறான். காலையில் ஒரு பையில் தாள்களைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறான். ஒவ்வொரு வாசலிலும் நின்று, உங்கள் இடத்துக்கு இன்ன நிறம் அடித்திருக்கிறார்கள், இது சரியா என்று கேட்கிறான். தப்பென்றால் படிவத்தைக் கொடுக்கிறான். சனி ஞாயிறுகளில் அவன் மனைவியும் கூடப் போகிறாள். எழுதத் தெரியாதவர்களுக்கு நாலு வரியையும் அவள்தான் எழுதித் தருகிறாளாம். என்னோடு இன்னும் பேச்சு இல்லை. அது அவளுக்கும் எனக்கும் உள்ள கணக்கு, மெதுவாகத் தீரட்டும்.

நேற்று மதியம் இயக்குநரே எனக்குப் போன் செய்தார். அதே மிருதுவான குரல்.

"உங்க தம்பிகிட்ட கொஞ்சம் சொல்லுங்கம்மா. இப்படி வீடு வீடா போறது நல்லா இல்ல. நேத்து வரைக்கும் முந்நூத்துப் பத்து ஆட்சேபணை வந்திருக்கு. அவரு கேஸுக்கே இது பாதகமாகும்."

"அந்த முந்நூத்துப் பத்தும் பொய்யா சார்?"

"அது பரிசீலனைல இருக்கு."

"எங்க, ஃபைல்லயா?"

பதிலுக்குக் காத்திராமல் நானே தொடர்ந்தேன்.

"அவன் இப்போ பழைய மார்க்கெட்டுக்குப் பின்னாடி இருக்கிற சந்துல நிக்கிறான் சார். நீங்க நீலம் அடிச்சு, கிடங்குன்னு எழுதின சந்து. அதுக்குள்ள நாப்பது குடும்பம் இருக்கு. என் மூலமா எதுக்குச் சொல்லி விடுறீங்க? நீங்களே வந்து சொல்லுங்க. பழைய செருப்பா போட்டுட்டு வாங்க, அங்க கணுக்கால் வரைக்கும் தண்ணி நிக்கும்."